ஒற்றைப் பெயரில் ஒரு தொழில்

லிப்ட்காரர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் லிப்ட் விஷயத்தில் படித்தவன் படிக்காதவன் யாரும் அவரிடம் வாலாட்ட முடியாது. பத்து மாடிக் கட்டடத்தின் அடியில் நின்றபடி, உச்சியில் மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மூன்று இன்ஜினீயர்கள் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு தலையைச் சொறிந்த இடத்தில், இவர் போய்க் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து, டீ ஆறுவதற்குள் ஓடவிட்டு வந்திருக்கிறார். அப்படி ஒன்றல்ல, இருபது கதை உண்டு. முப்பத்தோரு வருடம் லிப்ட் மெக்கானிக்காக உழைத்தார். ஒருவரிடமும் கைகட்டி நின்றதில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் லிப்ட் குழிக்குள் இறங்கும் ஏணியில் கால் வழுக்கி முழங்கால் போயிற்று. இனி ஏணி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் மூலையில் சாய்ந்து டிவி பார்த்துக் காலத்தை ஓட்டியிருப்பான். இவர் மகளுடைய பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி மேஜையில் வைத்தார்.

"இது நடந்தா அது, இல்லன்னா இது. அவ்வளவுதானே? லிப்டோட ரிலே போர்டுல இத்தனை வருஷமா இதைத்தான் பண்ணிட்டிருந்தேன்" என்றார். மகள் சிரித்தாள். பதினான்கு மாதம் கழித்து அவர் எழுதிய செயலி ஓடியபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் கம்ப்யூட்டரையே படித்தவள் அவள்.

லிப்ட் நின்றுபோனால் அதன் கன்ட்ரோல் பெட்டிக்குள் ஓர் எண் மின்னும். அந்த எண்ணைப் போனில் அடித்தால் போதும், என்ன கோளாறு, வரிசையாக என்ன செய்ய வேண்டும் என்று செயலி சொல்லும். லிப்ட் செய்கிற கம்பெனிகளின் புத்தகத்தில் இல்லாத தொழில் ரகசியமெல்லாம் அதில் இருந்தது. உதாரணத்துக்கு ஒன்று. கதவு மூடியிருந்தும் லிப்ட் நகரவில்லை என்றால், கதவுப் பூட்டின் சுவிட்சில் சந்தேகம் வரும். அதைச் சோதிக்க ஒரு துண்டு ஒயரை சுவிட்சின் இரண்டு முனைக்கும் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். எந்தப் புத்தகமும் இதை எழுதாது, எல்லா மெக்கானிக்கும் செய்வான். ஆனால் அந்த ஒயர் அங்கேயே தங்கிவிட்டால், கதவு பூட்டாமல் இருந்தாலும் லிப்ட் கிளம்பிப் போய்விடும். அதனால் லிப்ட்காரர் சட்டைப்பையில் இரண்டு சிவப்பு ஒயர் வைத்திருப்பார். கட்டடத்தை விட்டு வெளியே வருமுன் பையைத் தொட்டுப் பார்ப்பார். இரண்டும் இருந்தால்தான் வாசல் தாண்டுவார். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

செயலியை மெக்கானிக்குகள் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்ததும், தொழிலைப் பதிவு செய்யாமல் காலம் தள்ள முடியவில்லை. மனைவியை அழைத்துக்கொண்டு ஆடிட்டர் அம்மாவைப் பார்க்கப் போனார். செல்போன் கடைக்கு மேலே சிறிய அறை. இரும்பு அலமாரி, சத்தம் போடும் மின்விசிறி, பறக்காமல் இருக்கக் காகிதங்களின் மேல் ஒரு பூட்டு.

மூன்று வழி இருப்பதாக அந்த அம்மா விளக்கினார். சொந்தப் பெயரில் தனியாளாக நடத்தலாம், மகளோடு கூட்டு போடலாம், அல்லது கம்பெனியாகப் பதியலாம். கம்பெனிக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், வருடாவருடம் காகித வேலை இருக்கும். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "வீடு யார் பேர்ல இருக்கு சார்?"

"என் பேர்லதான். வேற யாரு கட்டினது?"

தளம் போட்டதும் மாடி அறை எழும்பியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தையல் மெஷினில் சம்பாதித்த காசில்தான்.

"உங்க ஆப்பைப் பார்த்து வேலை செய்யறாங்க. நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னு வழக்கு வந்தா, தனிப் பேர்ல இருந்தா நேரா வீட்டு மேல வந்து நிக்கும். கம்பெனின்னா நடுவுல ஒரு சுவர் மாதிரி. எல்லாத்தையும் தடுக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா சுவர் இல்லாம உட்கார்றதுக்கு அது மேல்."

"அப்ப கம்பெனியே போட்டுடலாமேங்க" என்றாள் மனைவி. "நான் கையெழுத்துப் போடறேன்."

லிப்ட்காரர் அவள் பக்கம் திரும்பவில்லை. கம்பெனியென்று பதிந்தால் செயலியில் கம்பெனியின் பெயர்தான் வரும் என்பது அவர் மனதில் முள்ளாக நின்றது. "பெத்த புள்ளைக்கு அடுத்தவன் இனிஷியலைப் போடுவாங்களாம்மா? சுவருக்குப் பின்னால ஒளியறவன் தப்புப் பண்றவன். என் வேலையில தப்பு வராது. என் பேர்லயே எழுதுங்க."

ஆடிட்டர் அம்மா வாதாடவில்லை. ஒரு தாளை நீட்டி, "நான் சொன்னேன்னு இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார்" என்றார். லிப்ட்காரர் சிரித்துக்கொண்டே போட்டார்.

அன்று மாலையே செயலியின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தன் பெயரைச் சிவப்பில், தடித்த எழுத்தில் பதித்தார். சின்னப் போனில் பாதி இடத்தைப் பெயரே அடைத்துக்கொள்கிறது என்று மகள் குறைபட்டாள். கண் மங்கினவனும் படிக்க வேண்டாமா என்று அவள் வாயை அடைத்தார். அவர் சரிபார்த்ததெல்லாம் மேஜையில் இருந்த பெரிய திரையில்தான். அதில் எல்லாமே ஒரே பக்கத்தில் அழகாக அடங்கியிருந்தது.

இரண்டு வருடம் கொடிகட்டிப் பறந்தார். மூன்றாவது வருடம் பிறந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிப்ட் நகராமல் நின்றது. மூன்றாம் மாடிக் கதவு சரியாகப் பூட்டவில்லை, அதனால் நின்றது. அதாவது லிப்ட் தன் கடமையைத்தான் செய்தது. வந்த மெக்கானிக் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நிதானமான ஆள். செயலியைப் பார்த்து ஒயரைப் போட்டான். லிப்ட் ஓடியது. குடியிருந்தவர்கள் கைகுலுக்கி அனுப்பிவைத்தார்கள். ஒயர் உள்ளேயே இருந்தது.

மறுநாள் காலை மூன்றாம் மாடியில், கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி கதவை இழுத்தாள். பூட்டாத கதவு திறந்தது. கையில் துணி மூட்டை இருந்ததால் கீழே பார்க்காமல் காலை வைத்தாள். லிப்ட் அப்போது ஐந்தாம் மாடியில் நின்றுகொண்டிருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் போட்ட வழக்கின் தாளில் மெக்கானிக்கின் முதலாளி பெயர் ஒன்று. அடுத்தது லிப்ட்காரர் பெயர். வீட்டை விற்கவோ எழுதிவைக்கவோ கூடாதென்று இன்னொரு தாள் பின்னாலேயே வந்தது.

அவர் அமர்த்திய வக்கீல் செயலியைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். 'ஒயரைக் கழற்று, கையில் எடுத்துக்கொண்டு வெளியே வா' என்ற வரி அதில் இருக்கிறதே. அப்புறம் என்ன? படிக்காதது மெக்கானிக்கின் குற்றம். அவன் தலையில் போட்டுவிட்டால் வீடு தப்பும். அதைக் கேட்டு மனைவி பல நாளுக்குப் பிறகு ஒரு வாய் சாப்பிட்டாள். தொழிலில் இருந்தவரை எந்த மெக்கானிக்கையும் லிப்ட்காரர் காட்டிக்கொடுத்ததில்லை. இருந்தாலும் வீட்டை நினைத்துச் சரி என்றார்.

விசாரணை அறையில் நீள மேஜை, எதிரெதிரே நாற்காலிகள். வக்கீல் அந்த வரியை உரக்கப் படித்தார். இது உங்கள் செயலியில் இருக்கிறதா என்று அதிகாரி லிப்ட்காரரைக் கேட்டார். இருக்கிறது என்றார். மெக்கானிக் எழுந்து, தன் போனை மேஜைமேல் தள்ளினான். மூலை உடைந்த சின்னப் போன்.

"அண்ணே, நீங்களே பாருங்க."

திரையில் நான்காவது வரி: 'ஒயரைப் போட்டு ஓட்டிப் பார்.' அதற்குக் கீழே சிவப்பில், தடித்த எழுத்தில் அவர் பெயர். அதோடு திரை முடிந்தது. ஒயரைக் கழற்றச் சொல்லும் ஐந்தாவது வரி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. அடுத்த பக்கம் ஒன்று உண்டு என்று காட்டும் அம்புக்குறி, பெயரின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கொசு அளவுக்கு இருந்தது.

"உங்க பேரைப் பார்த்ததும் முடிஞ்சுதுன்னு நெனச்சேண்ணே. எந்தக் கடுதாசியிலயும் கையெழுத்துதானே கடைசி? உங்க பேரு இருந்துச்சு, நம்பிட்டேன்."

லிப்ட்காரர் அந்தப் போனைக் கையில் எடுத்து, பெயரின் உயரத்தை விரலால் அளந்தார். பெயர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒன்றல்ல, மூன்று வரி அடங்கும். வக்கீல் அவர் முழங்கையைத் தட்டினார். பின்வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளைத் திரும்பிப் பார்த்தால் வாய் வராது என்று அவருக்குத் தெரியும். இந்த முறையும் திரும்பவில்லை.

"வரி இருக்கு. ஆனா இந்தப் போன்ல தெரியாதுங்க. அதைத் தள்ளிவிட்டது என் பேரு. நான்தான் அங்க வெச்சேன்."

வீடு போயிற்று. அதனால் மெக்கானிக் தப்பினான் என்றும் இல்லை. முதலாளி அவனை வெளியேற்றினார், லைசென்ஸும் பறிபோயிற்று, இப்போது ஏதோ கிடங்கில் மூட்டை எண்ணுகிறான். செயலியை எடுத்துவிட்டார்கள். எடுத்தது தெரியாமல் பழைய போன்களில் அதை இன்னும் வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ.

சாமான் ஏற்றும்போது தையல் மெஷினை யாரையும் தொடவிடாமல் மனைவியே துணி சுற்றிக் கட்டினாள். முடிச்சுப் போட்டுக்கொண்டே, யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னாள்: "ஆடிட்டர் ரூம்ல ஒரு தடவை என் பக்கம் திரும்பியிருக்கலாம். விசாரணையில நீங்க சொன்னதைத் தப்புன்னு சொல்லல. அங்கயும் திரும்பல."

வாடகைக்குக் கிடைத்த வீடு நான்காம் மாடியில். லிப்ட் கதவு திறந்து நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். ஒரு லிப்ட் எந்த நிலைமையில் இருக்கிறதென்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய மனிதர், அது நல்ல லிப்ட் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கெட்ட முழங்காலை ஒவ்வொரு படியாகத் தூக்கிவைத்து, அவள் பின்னாலேயே ஏறினார்.