அரை நாள்

விண்வெளித் தொலைநோக்கி என்றதும், யாரோ ஒருவர் அதன் வழியே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி யாரும் பார்ப்பதில்லை. அது பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி, குளிரில், தன்னந்தனியாக நிற்கிறது. வாரம் ஒரு முறை கீழிருந்து அதற்கு ஒரு பட்டியல் போகும். இந்த நேரத்துக்கு இந்த நட்சத்திரம், இத்தனை மணி நேரம், பிறகு அடுத்தது. பட்டியலில் இருப்பதைப் பார்க்கும். இல்லாததை, பக்கத்தில் வானமே இடிந்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்காது. அந்தப் பட்டியலைப் போடும் வேலைதான் இந்தக் கதையில் வருகிறவருக்கு.

அலுவலகத்தில் இவருக்குக் 'கறார்' என்று பட்டப்பெயர். வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. பெரிய பெரிய பேராசிரியர்களெல்லாம் போனில் கெஞ்சுவார்கள், "ஒரு பத்து நிமிஷம் கூடப் போட்டுக் குடுங்க சார்" என்று. "உங்களுக்குப் பத்து நிமிஷம் குடுத்தா அடுத்த ஆள் என் கழுத்தைப் பிடிப்பார்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். திமிர் பிடித்த மனிதர் என்று பேச்சு. திமிரெல்லாம் இல்லை, ஒரு நிமிடம் பிசகினால் யாரோ ஒருவருடைய பல வருட உழைப்பு மண்ணாய்ப் போகும் என்ற பயம்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் வளைந்து கொடுத்தது ஒரே ஒரு தடவை, தன் அக்காவுக்காக.

அக்கா அவரைவிட மூன்று வயது மூத்தவள். அதே ஊரின் மறுகோடியில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் நட்சத்திர ஆராய்ச்சி. கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள். பழைய தொலைநோக்கி ஒன்று எடுத்துவைத்திருந்த கணக்கில்லாத பதிவுகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது, ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் ஏழு மணி நேரத்துக்கு இம்மியளவு மங்கிப் பிறகு தெளிந்ததைக் கண்டாள். சரியாக அறுநூற்றுப் பதினோரு நாள் கழித்து அதே மங்கல். விளக்குக்கு முன்னால் ஒரு பூச்சி குறுக்கே போவது போல, அந்த நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு கோள் கடந்து போகிறது என்றாள் அக்கா. பழைய கருவியின் கோளாறாகவும் இருக்கலாம் என்றார்கள் மற்றவர்கள். மூன்றாவது தடவை மங்குவதைப் புதிய தொலைநோக்கி பார்த்துவிட்டால் எல்லார் வாயும் அடைபட்டுவிடும்.

அந்த மூன்றாவது தடவை நெருங்கிய நேரம் பார்த்து, அக்காவின் வயிற்றில் கட்டி. முப்பது பக்க விண்ணப்பம் நிரப்ப வேண்டும்; அவள் கையிலோ ஊசி ஏறிக்கொண்டிருந்தது. கோள் கடக்கும் நாளையும் நேரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். "நீ எதுக்குக்கா கஷ்டப்படறே, நானே பாத்துக்கறேன்" என்று தம்பி வாங்கிக்கொண்டார். மேலிடத்தில் அனுமதி வாங்கினார். விண்ணப்பம் இல்லாமல், அவசரத் தேவைக்கென்று இருக்கும் வழியில், தன் கையாலேயே அந்த எண்ணைப் பட்டியலில் ஏற்றினார்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வானத்தை ஆராய்பவர்களுக்கு நாள் பிறப்பது நடுப்பகலில். இரவெல்லாம் விழித்து வேலை பார்த்த அந்தக் காலத்து ஆட்கள், பாதி வேலையில் தேதி மாறுவது இம்சை என்று அப்படி வைத்துக்கொண்டார்கள். தொலைநோக்கியின் பட்டியலுக்கோ நம்மைப் போல நடு இரவில்தான் நாள் பிறக்கும். இரண்டுக்கும் இடையே அரை நாள்; பட்டியலின் எண்ணிக்கை அந்த அரை நாள் பிந்தித் தொடங்குகிறது. விண்ணப்பம் வழியாக வந்தால் கம்ப்யூட்டரே அந்த அரை நாளைக் கழித்துக்கொள்ளும். கையால் ஏற்றினால் நாம்தான் கழிக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே கறார் நடத்துகிற பாடம் இது.

அன்றைக்கு அவர் கழிக்கவில்லை.

எந்தப் பட்டியலையும் இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்த்தாக வேண்டும். பக்கத்து மேசை அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா விஷயம், நீங்க பாக்காததா சார்?" என்று டிக் அடித்துவிட்டுப் போனாள். தொலைநோக்கி சொன்ன பேச்சு தட்டாமல் அந்த நட்சத்திரத்தைப் பத்து மணி நேரம் பார்த்தது. கோள் கடந்து போய் மூன்றரை மணி நேரம் ஆன பிறகு பார்க்கத் தொடங்கியது.

வந்தது ஒரு நேர்க்கோடு. ஒரு மேடு பள்ளம் கிடையாது. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து லாப்டாப்பில் அதைப் பார்த்த அக்கா, "சரிடா, அங்க ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் கண்ணுல கோளாறு" என்று சிரித்தாள். அப்போது அவள் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், மருத்துவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே, தன் கண்டுபிடிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மூன்று வரி எழுதி ஊரறிய வெளியிட்டாள். "விடுக்கா, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று தம்பி ஆறுதல் சொன்னார்.

ஏழு மாதம் போயிற்று. வேறொருவருடைய அவசரக் கோரிக்கையை ஒருநாள் கையால் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசை அம்மாள் வழக்கம்போல், "அரை நாள் கழிச்சாச்சா சார்?" என்றாள். கழித்திருந்தார். ஆனால் அந்தக் கேள்வியை அக்காவின் எண்ணுக்கு யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பழைய பட்டியலைத் தேடி எடுத்தார். மருந்துச் சீட்டில் இருந்த எண் அப்படியே இருந்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்தார்.

அதற்குள் அக்கா ஆஸ்பத்திரியிலேயே தங்கும்படி ஆகிவிட்டது. சில வாரங்கள்தான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான்கு நாள் தொடர்ந்து போனார் தம்பி. தலையணையைச் சரி செய்வார், மின்விசிறியைக் குறைப்பார், கூட்டுவார், வந்துவிடுவார். சொன்னால், மனம் ஆறிப்போன பிறகு புண்ணைக் கீறுவதாகும். சொல்லாவிட்டால், தான் ஏமாந்தவள் என்று நினைத்துக்கொண்டே அவள் போய்விடுவாள். ஐந்தாம் நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னார்.

"அக்கா, அன்னைக்கு நேரத்தை நான் தப்பா ஏத்திட்டேன். அரை நாள் கழிக்கல. தொலைநோக்கி பாக்கும்போது அது கடந்து போயிடுச்சு."

அக்கா அவரையே பார்த்தாள். "நீயா?"

"நான்தான்க்கா."

"ஏழு மாசம்டா. ஏழு மாசம் நான் போட்ட கணக்கையெல்லாம் திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க தப்பு பண்ணேன், எங்க தப்பு பண்ணேன்னு. விடுக்கான்னு சொன்னியே, எந்த வாயால சொன்னே?"

"எனக்கு அப்போ தெரியாதுக்கா."

"தெரியாதா? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறவன் நீ. வெளிய போ."

போனார். மறுநாள் வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. கதவோரம் நின்றுவிட்டுத் திரும்பினார். மூன்றாம் நாள் காலை அவளே போன் செய்தாள். "பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு வா" என்றாள், வேறெதுவும் சொல்லாமல்.

அடுத்து அது கடக்கப்போகும் நேரத்தை அவர் கையால் கணக்குப் போட வேண்டும் என்றாள். போட்டார். இன்னொரு தடவை என்றாள். அதையும் போட்டார்.

"அரை நாள்?"

"கழிச்சாச்சுக்கா."

"இப்ப கழிச்சுட்டான்" என்றாள் கூரையைப் பார்த்து. பிறகு, "நடந்ததை உன் பேர் போட்டு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடு. அப்பதான் அந்த நட்சத்திரத்துக்கு மறுபடி நேரம் குடுப்பாங்க. என்கிட்ட படிக்கற பசங்க பாத்துப்பாங்க" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கத் துணியவில்லை. நாள் தவறாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

எழுதிக் கொடுத்ததன் பலனாக, பட்டியல் வேலையிலிருந்து எடுத்துப் பழைய பதிவுகளைப் பராமரிக்கும் அறையில் அவரைப் போட்டார்கள். நியாயம்தான் என்று போனார். அங்கே அவரைக் கறார் என்று யாரும் கூப்பிடுவதில்லை.

ஒரு வருடம் கழிந்து அந்த நாள் வந்தது. அக்காவின் மாணவர்கள் முறைப்படி விண்ணப்பித்திருந்தார்கள். பதிவு வந்து இறங்கிய மதியம், மாணவி ஒருத்தி பதிவறைக்கே ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திரையில் கோடு நேராக வந்து, மெல்லச் சரிந்து, ஏழு மணி நேரம் கீழேயே ஓடி, பழையபடி ஏறியது. அக்கா சொன்ன நேரத்துக்கு நான்கு நிமிடம் முன்னே பின்னே. எல்லாரும் கை தட்டினார்கள். அவரால் தட்ட முடியவில்லை. இதே கோட்டை, ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் காட்டியிருக்கலாம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னார். அக்கா சொன்ன கோள் உண்மைதான், பார்த்துவிட்டார்கள், அவள் பேரைப் போட்டே வெளியிடப் போகிறார்கள் என்று. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் மலர்ந்துபோய், "எம் பொண்ணு தப்பாச் சொல்ல மாட்டான்னு எனக்குத் தெரியும்டா" என்றாள். இன்னும் இரண்டு துணி மடித்த பிறகு கை நின்றது.

"அப்போ அவ இருக்கும்போது ஏன்டா தெரியல?"

இந்தக் கேள்வி வரும் என்று ஒரு வருடமாக அவருக்குத் தெரியும். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். பிறகு சொன்னார், ஒன்றையும் மறைக்காமல்.

அம்மா கேட்டுக்கொண்டாள். "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. நான்தான் சொன்னேன்."

"எப்போ சொன்னே?"

"போறதுக்குப் பத்தொன்பது நாள் முன்னாடி."

"என்ன சொன்னா?"

"திட்டினா. ரெண்டு நாள் எங்கூடப் பேசல."

அம்மா மடித்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பத்தொன்பது நாள்ல," என்றாள், "ரெண்டு நாள் போச்சா?"