சமையலறை வரை

பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு மிஞ்சியது தொழிற்கல்விப் பிரிவுதான். இரும்பை அரத்தால் ராவுவது, லேத் ஓட்டுவது, வெல்டிங் வைப்பது. அதில் சேர்ந்த ஒரே பெண் நான். புதுப்பட்டினத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அப்பா இதைக் கேள்விப்பட்டதும், படித்தது போதும், சித்தியோடு இறால் உரிக்கப் போகட்டும் என்று தீர்மானித்துவிட்டார். அப்பாவின் தீர்மானங்கள் சாயங்காலம் பிறந்து விடிவதற்குள் மறைந்துவிடும். இது மறையவில்லை.

நான் பள்ளிக்கு வராததைப் பார்த்துப் பட்டறை சார் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்களுக்கு மெஷின் வேலை சொல்லித்தர வேண்டியவர். அதுவரை நான் அவரோடு பேசியதுகூட இல்லை.

"பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு சார் சுத்தியும் அரமும்?" என்றார் அப்பா.

சார் ஆட்டோவை ஒரு சுற்று சுற்றி வந்தார். "சைலன்சர் தாங்கி வுட்டுப்போயி கம்பியால கட்டி வச்சிகீற. ஒம்பொண்ணு ரெண்டு மாசத்துல இத்த ஒட்டிக் குடுக்கும். அனுப்பு."

அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் சம்மதம் என்று பொருள்.

பட்டறையில் செல்வம் என்று ஒருவன் என் பக்கத்து மேசையில் நிற்பான். அம்மா இல்லாதவன். அவனுடைய அப்பா படகில் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. முதல் பாடவேளையில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு சார், "டேய், அலமாரியில கிரீஸ் டப்பா கீது பாரு, எத்துனு வா" என்பார். செல்வம் போய் நெடுநேரம் தேடுவான். டப்பாவின் பின்னால் பன் இருக்கும் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரியும். கிரீஸ் ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்தபின் சார் நீண்ட விடுப்பில் போனார். வயிற்றில் ஏதோ கட்டி, அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார் என்று மற்ற ஆசிரியர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை என்னையும் செல்வத்தையும் வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனோம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை மட்டும்தான் பழைய அளவில் இருந்தது.

"செய்முறைத் தேர்வுக்கு வேலை குடுக்கப்போறேன்" என்றார். படுக்கையறையிலிருந்து சுவரோரமாகக் கைப்பிடிக் குழாய். பின்கட்டுக் குளியலறை வரை ஒன்று, சமையலறை வரை ஒன்று.

"சமையக்கட்டு வரிக்கும் எதுக்கு சார்?" என்றான் செல்வம்.

"தண்ணி குடிக்கப் போவ வாணாமா நானு?"

உயரம் அளக்க அவரை எழுந்து நிற்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவரே தன் மனைவியைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தி, "அம்மா கை எங்க வருதோ அங்க கோடு போடு" என்றார். அந்த அம்மா எங்களுக்கு டீ ஊற்றியபோது டம்ளர் வழிந்து தரையில் ஓடியது. அப்போதும் ஊற்றிக்கொண்டே இருந்தார். கவலையில் கை தடுமாறுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் குழாய்களைப் பட்டறையில் வெட்டி வளைத்து, ஒட்டுகளை ராவி எடுத்துப்போய்ப் பொருத்தினோம். சார் ஒவ்வொரு ஒட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் பிசிறு இருந்தது. "கைய கிழிச்சிடும்மா, மறுபடி ராவு" என்றார். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க வர்ணம் பூச வேண்டும், அதுவும் பளிச்சென்ற மஞ்சள்தான் வேண்டும் என்றார். பள்ளிப் பேருந்து மாதிரி இருக்கிறது என்று செல்வம் முணுமுணுத்தான். சாருக்குக் கேட்டுவிட்டது. அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மாசி பிறப்பதற்குள் சார் இறந்துபோனார். அப்பா ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சுடுகாடு வரை நடந்து போனார். துக்கத்துக்கு வந்தவர்கள் எங்கள் குழாய்மேல் துண்டையும் ஈர வேட்டியையும் போட்டிருந்தார்கள். செல்வம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டான்.

காரியம் முடிந்தபின் நாங்கள் இருவரும் அந்த அம்மாவைப் பார்க்கப் போனோம். சார் இல்லாத வீட்டில் அந்த மஞ்சள் குழாய் மட்டும் பளிச்சென்றிருந்தது. செல்வம்தான் கேட்டான், "கயட்டிடட்டுமா மா?"

"வாணாம்பா. இர்க்கட்டும்."

ஞாபகத்துக்காக வைத்துக்கொள்கிறார் என்று பேசிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தோம்.

சில வருடங்கள் கழித்து, கேளம்பாக்கம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டராக வேலை கிடைத்ததைச் சொல்ல ஸ்வீட்டோடு போனேன். கதவைத் திறந்த அந்த அம்மா என் தோளுக்கு மேலே பார்த்தபடி, "யாரு?" என்றார். சொன்னேன். "வெல்டிங் பொண்ணா, வா வா" என்று திரும்பி, இடது கையைக் குழாயில் ஓடவிட்டு, டீ போடச் சமையலறைக்கு நடந்தார்.

"சக்கர கண்ணுக்குப் போயிடுச்சி. பார்வ நிக்காதுன்னு டாக்டரு அப்பவே சொல்லிட்டாரு. ஒங்க சாருதான் கூட வந்தாரு" என்றார், அடுப்பைத் தடவிக்கொண்டே.

குழாயைப் பொருத்தி முடித்த அன்று சார் நாற்காலியைவிட்டு எழுந்தார். அதைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சமையலறை வரை போய்த் திரும்பினார். போகும்போதும் வரும்போதும் கண்களை இறுக மூடியிருந்தார். வலி தாங்காமல் மூடுகிறார் என்று நானும் செல்வமும் நினைத்துக்கொண்டோம்.