இரண்டாம் ஓலை

ஒரு செய்தியின் தலைப்பையும் முதல் இரண்டு பந்தியையும் மட்டும் வாசித்துவிட்டு ஒரு மனிதனுக்குக் கண் கொடுத்தவன் நான். வீட்டில் மூன்று அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் என்பதையும் வெட்கத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செய்தி கைபேசியில் வந்தது. மூளையின் பின்பக்கத்தில் சிறு சிப் ஒன்றைப் பதித்து, மூக்குக்கண்ணாடியில் பூட்டிய கமராவோடு இணைத்தால், கண்ணே இல்லாதவருக்கும் பார்வை வருமாம். உடனே மோட்டார் சைக்கிளில் விடத்தல்தீவுக்குத் தங்கை வீட்டுக்குப் போனேன். தங்கையின் கணவருக்குப் போரில் ஷெல் பட்டு இரண்டு கண்ணும் போனபோது மகள் வயிற்றில் இருந்தாள். அவள் முகத்தை அவர் கண்டதில்லை. கிழிந்த வலை பொத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், எப்போது வரும் என்றார். கன காலம் எடுக்காது என்றேன். எந்தப் பந்தி அதைச் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த மகளுக்குத்தான் அப்போது கலியாணம் பொருந்தி, மாதா கோயிலில் அறிவித்தலின் முதலாம் ஓலை வாசித்தாகியிருந்தது. தடை தெரிந்தவர்கள் வந்து சொல்வதற்காக மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இரண்டாம் ஞாயிறு பங்குச் சுவாமி வேறு இரண்டு சோடிகளின் ஓலையை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். கோயில் முழுவதும் நாங்கள் இருந்த வாங்கைத் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையின் தாய் எழுந்து வெளியே போனார். யார் இந்தப் பாவத்தைச் செய்தது?

வாசலில் தங்கை பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளையின்ர முகத்தைப் பாக்காமல் கைபிடிச்சுக் குடுக்க மாட்டாராம். தான் சொல்லுமட்டும் வாசிக்க வேண்டாமெண்டு சுவாமியிட்டச் சொல்லிப்போட்டார். கண் வருமெண்டு நீங்கள்தான் சொன்னனீங்களாம், அண்ணை."

கோயில் சுவரில் சாய்ந்துகொண்டு மிச்சச் செய்தியை வாசித்தேன். இன்னும் பரிசோதனைதான்; விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே செய்திருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரிவது இருட்டில் மினுங்கும் சில வெளிச்சப் புள்ளிகள். கதவு எந்தப் பக்கம் என்று மட்டுக்கட்டலாம். முகம்? அதற்கு ஒரு பந்தியும் இல்லை.

போய் அவரிடம் சொன்னேன்.

"முகம் தெரியாதோ, மச்சான்?"

"தெரியாது."

தன்னைச் சுவாமியிடம் கூட்டிப்போகச் சொன்னார். கோயில் முற்றத்தை எத்தனையோ வருஷமாகத் தனியே கடக்கிறவர், அன்று என் கையைப் பிடித்தார்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டது. மாப்பிள்ளை வீட்டைச் சமாளித்தது தங்கை. நான் மணப்பெண்ணான மருமகளிடம் போய், படித்த மனிதனுக்குரிய நீளத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"விடுங்கோ மாமா. இந்தக் கரையிலயே நான்தான் வடிவு எண்டு சொல்லித் திரியிற ஒரே ஆள் அப்பா. கண் வந்திருந்தால் அதுவும் போயிருக்கும்."