குறிப்புக் கட்டத்தில் நான் எழுதியது

இன்று காலை எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். இன்டர்ன்ஷிப்பாம். எங்களுக்குக் கை கழுவக் கற்றுத் தந்தால் அவளுக்கு கிரெடிட் கிடைக்குமாம்.

எங்கள் பீலிக் குழாயில் தண்ணீர் வந்து ஐந்து நாள் ஆகிறது.

"தண்ணி இருக்குதுன்னு நெனச்சுக்குங்க" என்றாள். பதினைந்து பேர் குளிரில் நின்று வெறும் கையைத் தேய்த்தோம்.

முடிந்ததும் கையெழுத்துக்குத் தாளை நீட்டினாள். நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. மனு எழுதுவதற்காகவே எழுத்துக் கற்றவன். குறிப்புக் கட்டத்தில் 'தண்ணீர் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் முகம் சுண்டிவிட்டது.

"தாத்தா, அந்தக் கட்டத்துல எல்லாரும் 'நன்று'ன்னுதானுங்க எழுதுவாங்க. இப்படி இருந்தா காலேஜ் மேடம் இந்த நாளையே கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. கிரெடிட் கொறஞ்சா எனக்கு டிகிரி நின்னுருமுங்க."

"பீலியில தண்ணி வரலன்னு எழுதினது பொய்யா, புள்ள?"

"பொய்யில்லீங்க. மேல ஒயிட்னர் போட்டுக்கட்டுங்களா?"

முடியாது என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுத் தாளோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே 'நன்று' கிடைத்தது.

அவள் பாஸாகட்டும். ஆனால் இனி நான் எந்த ஆபீசுக்கு மனு கொண்டுபோனாலும், எங்கள் லைனில் எல்லாம் நன்று என்று ஒரு தாள் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும்.

உங்கள் ஊர் தாளில் எப்படி இருக்கிறதாம்?