நோன்பு மாதத்துச் சிவப்பு

1. மசாலா வாசத்தோடு வந்தவர்

மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரம், வருவதற்குச் சில மாதங்கள் முன்பு. மலாக்கா ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவது வேலை. காஜா பேராங்கில் என் தெருவில் எல்லோரும் என்னை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். திருத்தினால் அவர்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தெருமுனை மசாலாக் கடை காதர் நானா ஒருநாள் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு வந்தார். துண்டு முழுக்கச் சிவப்பு.

"நோன்பு முறிஞ்சிருச்சா தம்பி?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

வெற்றிலையும் புகையிலையும் ஓயாத வாய் அது. எச்சில் எப்போதும் சிவப்புதான். அதில் இரத்தம் கலந்திருந்ததை அவரும் பார்க்கவில்லை, தினமும் அவரிடம் மல்லித்தூள் வாங்கிய நானும் பார்க்கவில்லை. நோன்பு வந்தது, வெற்றிலை நின்றது. சிவப்பு நிற்கவில்லை. கன்னத்தின் உள்பக்கம் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி.

2. கொக்கி பிடித்தவன்

சர்ஜன் செல்லத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். சிங்கப்பூருக்கு ரேடியம் சிகிச்சைக்கு அனுப்பத்தான் நினைத்தார். அதற்குள் இரத்தம் மறுபடி பீறிட்டது. கழுத்தில் அந்தப் பக்கத்துப் பெரிய இரத்தக் குழாயைப் பட்டு நூலால் கட்டிவிட முடிவு செய்தார். வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டர் என் கையில். ஒரு சுவர் ஆணி என்னைவிட நன்றாகச் செய்திருக்கும்.

"தம்பி, மூச்சை விடும். கொக்கியை விடாதேயும்" என்றார் சர்ஜன்.

முடிச்சு விழுந்தது, இரத்தம் நின்றது. நாளாக ஆகக் கட்டி வெளுத்துச் சுருங்கியது. நான் பூரித்துப்போனேன். சர்ஜன் பூரிக்கவில்லை.

"அது சும்மா கிடக்காது தம்பி. பசிச்சால் கூப்பிடும். மற்றப் பக்கத்துக் குழாயெல்லாம் மெல்ல மெல்ல இஞ்சால வரும். பட்டினி கிடக்கிற கட்டியில ரேடியமும் வடிவா வேலை செய்யாதாம். உயிர் போகாமல் இருக்கத்தான் கட்டினனான். விளங்குதோ?"

விளங்கியது. இதை நானாவிடம் சொல்லும் பொறுப்பும் எனக்கே வந்தது என்பதும் விளங்கியது. அவர் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றுகிறவன் நான்தானே.

3. சந்து

நானாவின் ஒரே மகள் மரியத்துக்குப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று பேசி வைத்திருந்தார்கள். மகளைக் கொடுத்தேன் என்று தகப்பன் தன் வாயால் மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் நிக்காஹ் நடத்திவைக்கும் காதியே சொல்லலாம். "என் புள்ளைய நான்தான் குடுப்பேன். காதியா வளத்தாரு?" என்று நானா ஆஸ்பத்திரியிலேயே சண்டை போட்டிருந்தார்.

கட்டி சுருங்கியதும் ஆளே மாறிவிட்டார்.

"தம்பி, நெல்லிக்கா அளவு ஆயிருச்சு பாத்தீங்களா? கல்யாணத்த மெர்டேக்காவுக்குப் பொறவு வச்சுக்குவோம். ஊரே வெளக்குப் போடும். அதுக்குள்ள எனக்கு முழுசா சொகமாயிரும்."

திரைக்குப் பின்னால் மரியத்தின் வளையல் சத்தம் நின்றது.

நான் பஞ்சைச் சுருட்டினேன், பிரித்தேன், மறுபடி சுருட்டினேன். "நானா, கோயில் திருவிழாவுக்கு நம்ம ரோட்டை அடைக்கிறாங்களே, அப்ப உங்க மொளகா மூட்டை வராம நின்னுருதா?"

"எப்படி நிக்கும்? பின்னால சந்துல வரும். ரெண்டு நாள் சொணங்கும், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். கழுத்துத் தையலைத் தொட்டார்.

"இதுக்கும் சந்து இருக்கோ?"

"இருக்கு நானா. இல்லாட்டியும் அதுவே வெட்டிக்கும்."

நானா திரைப் பக்கம் திரும்பினார். "மரியம், உம்மாக்கிட்ட சொல்லு. தேதி மாத்தல."

4. கொடுத்தது

பெருநாள் முடிந்த மாதமே நிக்காஹ் நடந்தது. எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்க்க, நான் நானாவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், தொழில் புத்தி. "என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஒரு எழுத்துகூட வழுக்கவில்லை. மாப்பிள்ளைதான் பயத்தில் முணுமுணுத்தார். வாயில் கட்டி அவருக்குத்தான் என்று சிலர் நினைத்திருக்கக்கூடும்.

மெர்டேக்காவுக்கு ஊர் விளக்குப் போட்டபோது நானா வார்டில் இருந்தார். கட்டியின் ஓரம் மறுபடி சிவந்து, முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. பேச்சு இல்லை. வெளியே கோஷம் கேட்டதும் கையை மட்டும் உயர்த்தினார். அந்த வருஷம் முடிவதற்குள் போய்விட்டார்.

பல வருஷங்கள் கழித்து இப்போது ஒரு மருத்துவ சஞ்சிகையில் படிக்கிறேன். கட்டி ஏதோ ஒரு இரசாயனச் செய்தியை அனுப்பித்தான் புதுக் குழாய்களை வரவழைக்கிறதாம். குழாயைக் கட்டுவதற்குப் பதில் அந்தச் செய்தியையே மறிக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். முடியட்டும். எங்கள் சர்ஜன் "கூப்பிடும்" என்று சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது. மறித்த பிறகு பசித்த கட்டி என்ன செய்யும் என்பதையும் அவர்கள் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

கொக்கி பிடித்தவனுக்குக் கிடைத்த பாடம் சிறியது. கட்டி சுருங்கிவிட்டது என்று யாராவது முகம் மலர்ந்து வந்தால் நானும் மலர்கிறேன். மலர்ந்துவிட்டுக் கேட்கிறேன்: "வீட்டுல என்ன காரியத்தைத் தள்ளி வச்சிருக்கீங்க?"