மல்லாட்டைக் கிடங்கில் இறங்கிய நூலகம்

கிருஷ்ணவேணிக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னாலிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் குடிவந்து மூன்று வருஷமாகியும் அப்படித்தான் இருந்தாள். அடுப்பில் உலை கொதிக்கும்போதே வாசலுக்கு வருவாள். வந்த பிறகு எதற்கு வந்தோம் என்று யோசித்துவிட்டு உள்ளே போவாள். கணவன் சுப்பராயலு கூட்ஸ் வண்டியில் கார்டு. வீட்டில் இருப்பதே அபூர்வம், இருந்தாலும் பாதி நேரம் தூக்கம்.

கல்யாணத்துக்கு முன் அவள் சென்னையில் விலங்கியல் படித்தவள். பட்டம் வாங்கி ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை, கழுத்தில் தாலி ஏறிவிட்டது. ஆராய்ச்சிக்கு அவள் எடுத்துக்கொண்டது நரம்புச்சிலந்தி. மயிலத்துப் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்யும் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அந்த நோயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடை வந்தால் கணுக்காலில் கொப்புளம் கிளம்பும். அது உடைந்து வெள்ளை நூல் மாதிரிப் புழு தலை நீட்டும். அதைத் துடைப்பக்குச்சியில் சுற்றிக்கொண்டு வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பார்கள். இழுத்து அறுந்துவிட்டால் கால் வீங்கிச் சீழ் வைக்கும்.

அது எப்படிப் பரவுகிறது என்பது அப்போதே தெரிந்த விஷயம். புண்காலோடு படிக்கிணற்றில் இறங்கினால் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். குஞ்சுகளை மிகச் சின்னதான ஒரு நீர்ப்பூச்சி தின்னும். பூச்சியோடு தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அடுத்த கோடையில் கொப்புளம். பூச்சியைத் தின்னும் மீனைக் கிணற்றில் விட்டால் என்ன? கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில், கூலி வேலை செய்பவர்கள் குடியிருந்த தெருவின் படிக்கிணற்றில் விட்டுப் பார்த்தாள். ஏரியில் பிடித்த கெண்டைக் குஞ்சுகள் எல்லாம் சில நாளில் வயிற்றைக் காட்டி மிதந்தன. ஏன் என்று கண்டுபிடிப்பதற்குள் கல்யாணம்.

பல்கலைக்கழக நூலகம் மாதாமாதம் ஒரு செய்திமடல் அச்சிட்டது. புதிதாக வந்த புத்தகங்கள், வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகள், அவற்றிலுள்ள கட்டுரைகளின் தலைப்புகள் எல்லாம் அதில் இருக்கும். பழைய சிநேகிதி ஒருத்தி அதைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் அதில் ஒரு தலைப்பு அவளைப் பிடித்து உலுக்கியது: கிணறுகளில் மீன் விட்டுத் தோற்ற அனுபவங்கள்.

"தோத்தவன் எழுதியிருக்கான். அதைத்தாங்க நான் படிக்கணும். மெட்ராஸ் போயிட்டு வரட்டுமா?" என்றாள் கணவனிடம்.

"எங்க தங்குவே? யாரு இருக்காங்க உனுக்கு அங்க? இப்ப என்னா, நீ படிக்கலன்னு ரயிலு நின்னுடுச்சா?" என்றான் சுப்பராயலு. கெட்டவன் இல்லை. ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு அவள் அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தாள்.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னை காலியாயிற்று. விழுப்புரம் பிளாட்பாரத்தில் அண்டா, தையல் மிஷின், கிளிக்கூண்டு என்று மூட்டைகளுக்கு நடுவே ஜனங்கள் படுத்திருந்தார்கள். அந்தக் கலவரத்தில் ஒரு நாள் சுப்பராயலு சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

"வேணி, உன் லைப்ரரியே நம்ம வண்டியில வந்துச்சு. அம்மாம் பெட்டி! திண்டிவனத்துல எறக்கியாச்சு. மல்லாட்டைக் கிடங்கு ஒண்ணு காலியா கெடக்குதாம், அதுலதான் வெச்சிருக்காங்க."

மறுநாள் காலை அவள் திண்டிவனத்தில் இருந்தாள்.

அந்த வேர்க்கடலைக் கிடங்குக்குக் காவலாக வந்திருந்தவர் நூலகத்துப் பியூன் சவுரிராயன். முகையூர்க்காரர். பெட்டிகளுக்கு நடுவில் பாய் விரித்து, சுவரில் மாதா படத்தை மாட்டியிருந்தார். அவளை அவருக்கு நினைவிருந்தது.

"அம்மா, நீங்க கேக்கற பொஸ்தகம் இதுல எந்தப் பொட்டியிலயோ கீது. ஆனா சீலு ஒடைக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஒடைச்சேன்னா என் வேலை போயிடும்."

அவள் கெஞ்சவில்லை. திரும்பிப் போய்விட்டு மறுபடி வந்தாள். அடுத்த வாரமும் வந்தாள். தேடி வந்தது கைக்கு எட்டுகிற தூரத்தில் மரப்பலகைக்குப் பின்னால் இருக்கிறது என்பது அவளை வீட்டிலும் இருக்கவிடவில்லை, கிடங்கிலும் இருக்கவிடவில்லை. பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். சவுரிராயனுக்குத் தலை சுற்றும். "செத்த நேரம் குந்துங்கம்மா, பேஜாரா கீது" என்பார்.

அப்படிச் சுற்றியபோதுதான் ஒரு பெட்டியின் அடியில் மண்கோடு ஏறியிருப்பதைக் கண்டாள். விரலால் தட்டினாள். மண் உதிர்ந்து, உள்ளே வெள்ளையாக நெளிந்தன.

"கரையான்!"

சவுரிராயன் முகம் செத்துப்போயிற்று. சென்னைக்குத் தந்தி கொடுத்தார். அலுவலகமே வேறு ஊருக்கு மாறிப்போன சமயம், பதில் வரவில்லை. மறுபடி கொடுத்தார். இதற்குள் மண்கோடு பக்கத்துப் பெட்டிக்கும் தாவியிருந்தது.

"இப்ப நீங்க தொறந்தா வேலை போகும்னு பயம். தொறக்கலன்னா பொஸ்தகமே போயிடும். நான் உங்களைத் தொறக்கச் சொல்ல மாட்டேன், எனக்கு அதுல ஆசை இருக்கு. நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள் கிருஷ்ணவேணி.

அவர் மாதா படத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு கடப்பாரையை எடுத்தார்.

மல்லாட்டை காயவைக்கும் களத்தில் சாக்கை விரித்துப் புத்தகங்களைப் பரப்பினார்கள். வேப்பிலைச் சருகைப் பொடித்துப் போட்டாள், பெட்டிக்கு அடியில் செங்கல் அடுக்கினாள், தாள் தாளாகத் தட்டினாள். மூன்றாம் நாள் அந்தப் பத்திரிகைத் தொகுதி கையில் வந்தது. ஓரம் அரிக்கப்பட்டிருந்தது, கட்டுரை பிழைத்திருந்தது. வெயிலிலேயே உட்கார்ந்து படித்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தது அப்போதுதான்.

எழுதியவர் வேறு மாகாணத்து டாக்டர். அவருடைய மீன்களும் செத்திருந்தன. ஏரி மீனுக்குக் கிணற்றுத் தண்ணீரில் காற்று போதவில்லை. வேறொரு கிணற்றில் தலைமுறையாக வாழ்ந்த மீனைக் கொண்டுவந்தபோதுதான் தங்கியது என்று எழுதியிருந்தார். படித்து முடித்ததும் அவளுக்குச் சந்தோஷமும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. கேள்விக்கு விடை கிடைத்தது. ஆனால் அதை இன்னொருவர் கண்டுபிடித்துவிட்டார்.

மயிலத்துக்கு அப்பால் ஒரு தோப்புக் கிணற்றில் கெண்டை துள்ளுவதை அவள் கல்லூரி நாட்களில் பார்த்திருக்கிறாள். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்தாள். பெட்ரோல் கிடைக்காத யுத்தகாலம். கரி போட்டு ஓட்டிய பஸ் ஏற்றத்தில் திணறி நிற்க, மடியில் மீன்பானையை அணைத்தபடி, "ஜல்தி, ஜல்தி" என்று கண்டக்டரை விரட்டினாள்.

முன்பு மீன் விட்டுத் தோற்ற கூலிக்காரர்கள் தெருவில் வீரம்மாள் என்பவள் நடவு ஆட்களுக்குத் தலைவி. அவள் காலிலேயே அப்போது புழு இருந்தது.

"முன்னயும் இப்பிடித்தான் போட்டீங்க. எல்லாம் செத்து நாறிப்போச்சு. நாங்கதானே அள்ளினோம்?" என்றாள் வீரம்மாள்.

"ஆமா. அப்ப எனக்குத் தெரியல வீரம்மா. இது கிணத்துலயே பொறந்த மீனு."

"தங்கிச்சின்னா பசங்க புடிச்சித் துன்னுடுங்களே?"

"அதை நீதான் பாத்துக்கணும். இந்தக் கால் ஆற வரைக்கும் நீயும் கெணத்துல எறங்கக்கூடாது."

"நல்லா சொன்னீங்க. எனக்குத் தண்ணி மொண்டு குடுக்க யாரு கீறாங்க?" என்று வீரம்மாள் சிரித்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் குடத்தைக் கொடுத்தாள்.

ஊர்ப் பெரிய வீட்டார் அண்ணனிடம் குறைப்பட்டார்கள். "நம்ம கெணத்த வுட்டுட்டு அவங்க கெணத்துக்குப் போயிக்கினு இருக்குதே உன் தங்கச்சி?" அண்ணன் தலைகுனிந்து நின்றான். "நோவு அங்கதானே இருக்குது" என்றாள் கிருஷ்ணவேணி. அதற்குப் பிறகு அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் அவளோடு யாரும் பேசவில்லை.

மீன் தங்கியது. ஆனால் விட்டதால் பலன் உண்டா என்று தெரிய அடுத்த கோடை வரவேண்டும். புழு உடம்பில் வளர ஒரு வருஷம் எடுத்துக்கொள்ளும், அதை அவசரப்படுத்த முடியாது. அந்த வருஷம் போல அவளைப் படுத்திய வருஷம் வேறில்லை. தூங்குகிறவனை எழுப்பி, "மழையில கெணறு ரொம்பி மீன் வெளிய போயிருக்குமா?" என்று கேட்பாள். சுப்பராயலு கடைசியில், "போய்ப் பாத்துட்டு வா, தாயே" என்று பாஸ் வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த கோடையில் அந்தத் தெருவில் புழு கண்டது ஒரே ஒரு கிழவருக்கு. அவர் முந்தின வருஷம் வெளியூரில் செங்கல் சூளையில் இருந்தவர். வீரம்மாள் தெருவெல்லாம் கேட்கிற மாதிரி இதை அவளிடம் சொன்னாள்.

எல்லாவற்றையும் எழுதித் தன் பழைய ஆராய்ச்சிப் பேராசிரியருக்கு அனுப்பினாள். வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் புதிதல்ல, பட்டத்துக்கு ஏற்க இயலாது என்று பதில் வந்தது. அவள் அன்றைக்குச் சமைக்கவில்லை. சுப்பராயலு ஹோட்டலில் இட்லி வாங்கி வந்து, இலையைப் பிரித்து வைத்தான்.

பெட்டிகள் சென்னைக்குத் திரும்பின. சீல் உடைத்ததற்காகச் சவுரிராயனிடம் விளக்கம் கேட்டார்கள். காப்பாற்றிய புத்தகங்களைப் பார்த்த பிறகு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

யுத்தம் முடிந்தபோது கிருஷ்ணவேணி பொதுச் சுகாதாரப் பிரிவில் தற்காலிக வேலையில் இருந்தாள். தகரப் பாத்திரத்தில் மீனோடு பஸ் பஸ்ஸாக ஏறினாள். பல ஊர்களில் மீன் தங்கியது. திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிணறுகளில் மட்டும், எந்த மீனை விட்டாலும் சாயங்காலத்துக்குள் செத்தது. ஏன் என்று எந்தப் பத்திரிகையிலும் இல்லை. அங்கே ஒரு கிணற்றின் மேல்படியில் நின்றுகொண்டு, தண்ணீரைச் சீசாவில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்தாள். மறுபடி தூக்கிப் பார்த்தாள்.