லைன் அக்காவின் ஐந்து நிமிடம்

யோகா பயிற்சி நிலையத்தில் அவளுக்கு ‘லைன் அக்கா’ என்று பெயர் விழுந்தது போன மாதம்தான். அதுவரை வெறும் அக்கா. ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்த பதினான்கு பேரில் அவளுக்குத்தான் வயது அதிகம், நாற்பத்தெட்டு. மற்றவர்களெல்லாம் காலைத் தூக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டே கைப்பேசி பார்க்கிறவர்கள்.

பெயர் விழுந்த கதை இதுதான். அவள் பத்தொன்பது வருடம் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். அங்கே தலையாய சட்டம், பத்து வினாடிக்கு மேல் லைனில் மௌனம் விழக் கூடாது. கணினி திணறினாலும் சரி, எதிர்முனையில் இருப்பவர் திட்டி முடித்து மூச்சு வாங்கினாலும் சரி, எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் மேற்பார்வையாளர் மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார். கழுத்து வலி தாங்காமல் அவள் வேலையை விட்டாள். சட்டம் மட்டும் அவளை விடாமல் கூடவே வந்துவிட்டது.

பயிற்சியின் கடைசித் தேர்வில் யோகாவே தெரியாத மூன்று பேரைக் கூட்டி வந்து நாற்பது நிமிடம் வகுப்பு எடுக்க வேண்டும். முடிவில் சவாசனம். மூவரும் மல்லாந்து கிடப்பார்கள். எடுப்பவர் ஐந்து நிமிடம் வாயே திறக்கக் கூடாது. போன மாதம் அவள் ஒன்றரை நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. தேன் ஒழுகும் பழைய குரலில் சொல்லிவிட்டாள்: “தயவுசெய்து இணைப்பிலேயே காத்திருங்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்.”

கிடந்தவர்களில் ஒருவர் சிரித்துச் சிரித்து விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் பெயில்.

இன்று மறுதேர்வு. இதிலும் தவறினால் மூன்று மாதப் பயிற்சியை முதலிலிருந்து படிக்க வேண்டும். அது போனால் போகிறது. அவள் வேலை பார்த்த அதே அலுவலகத்தில், கழுத்தும் முதுகும் போய் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குத் தினமும் காலையில் யோகா சொல்லித்தர அவளைக் கேட்டிருந்தார்கள். சான்றிதழோடு அடுத்த மாதம் வந்தால் அவள், வராவிட்டால் வேறொருத்தி. தன் கழுத்தைச் சரிசெய்த வித்தையைத் தன் பழைய வரிசை நாற்காலிகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவளுக்கு வெறியாகவே ஆகிவிட்டது.

காலையிலேயே குளியலறைக்குள் கடிகாரத்தோடு போய்ப் பயிற்சி எடுத்தாள். இரண்டாவது நிமிடம் வெளியே மகளின் குரல் கேட்டது.

“அம்மா, யார்கிட்ட பேசிக்கிட்டிருக்க?”

“நான் எங்கடி பேசினேன்?”

“குழாயைப் பார்த்து ‘ஏன் சொட்டுற’ன்னு கேட்டியே.”

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற கணவர் காபியை உறிஞ்சியபடி பொதுவாகச் சொன்னார்: “அஞ்சு நிமிஷமாம், அஞ்சு. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்துல நான் பார்க்காத அதிசயம். அதுக்காகவே லீவு போட்டிருக்கேன்.”

அவர்தான் இன்றைய மாணவர்களில் முதல் ஆள். இரண்டாவது, கீழ் வீட்டுத் தையல்காரி. மூன்றாவது ஆளாக, போன மாதம் சிரித்தவருக்குப் பதில், வேறு யாரும் கிடைக்காமல் தன் பழைய மேற்பார்வையாளரையே பிடித்துப் போட்டிருந்தாள். பத்து வினாடி மௌனத்துக்கு மதிப்பெண் குறைத்த அதே மகராசி. ஐந்து நிமிட மௌனத்துக்கு மதிப்பெண் வாங்க அவரைத்தான் படுக்கவைக்க வேண்டும் என்பது அவள் தலையெழுத்து.

தேர்வு பத்து மணிக்குத் தொடங்கியது. பயிற்சி தரும் மாஸ்டர், அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள், சுவரோரமாக மதிப்பெண் தாளோடு உட்கார்ந்தாள். விடியற்காலை ஐந்து மணியிலிருந்தே வகுப்பு எடுத்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

மாணவர்களைப் பார்த்து நிற்கிறவர் ‘வலது கை’ என்று சொல்லிக்கொண்டே தன் இடது கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடி பார்ப்பதுபோல இருக்கும். இதில் குழம்பாமலிருக்க அவள் இடது மணிக்கட்டில் சிவப்பு ரப்பர் பேண்டு மாட்டியிருந்தாள். அவள் குழம்பவில்லை. தையல்காரிதான் மரம்போல ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னபோது மேற்பார்வையாளர் மேல் சாய்ந்தாள். கணவர் குனிந்து முழங்காலைத் தொட்டுவிட்டு, பாதத்தையே தொட்டதுபோல நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தைந்து நிமிடம் எப்படியோ ஓடியது.

“மெதுவா மல்லாந்து படுங்க. கண்ணை மூடுங்க. இனி நான் மணி அடிக்கிற வரைக்கும் எதுவும் செய்ய வேண்டாம்.”

வாயை மூடினாள். பத்தாவது வினாடியில் உள்ளங்கை வேர்த்தது. முதல் நிமிடம் நாக்கு மேலண்ணத்தில் முட்டியது. இரண்டாவது நிமிடம் ‘காத்திருந்தமைக்கு நன்றி’ தொண்டைவரை வந்துவிட்டது, எச்சிலோடு விழுங்கினாள். அந்த வேலையில் மௌனம் என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எதிர்முனையில் இருந்தவர் வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று அர்த்தம். பத்தொன்பது வருடமும் அவள் பேசிக்கொண்டே இருந்தது யாரும் போய்விடக் கூடாது என்றுதான்.

இங்கே மூன்று பேரும் கண்முன்னால் கிடந்தார்கள். மேற்பார்வையாளரின் இறுகிய தாடை தளர்ந்து வாய் லேசாகத் திறந்திருந்தது. தையல்காரியின் விரல்கள் ஊசி பிடிக்கிற வளைவை மறந்து விரிந்திருந்தன. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. அவளுக்கு நெஞ்சு லேசானது. நாலாவது நிமிடம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை.

மணியை அடித்தாள். சுவரோரம் “ஆ” என்று ஒரு சத்தம். மாஸ்டர் துள்ளி நிமிர்ந்தாள். பேனா தரையில் உருண்டது. நன்றாகத் தூங்கியிருக்கிறாள்.

மாஸ்டர் முகம் சிவந்து கேட்டாள்: “அக்கா... நடுவுல ஏதாவது பேசினீங்களா?”

“இல்ல மாஸ்டர். சத்தியமா.”

“நான் கேக்கலையே, எப்படி மார்க் போடுறது?” மாஸ்டர் மற்றவர்களைப் பார்த்தாள்.

“நான் தூங்கிட்டேன்மா,” என்றாள் தையல்காரி. மேற்பார்வையாளர் தான் எங்கே இருக்கிறோம் என்பதையே இன்னும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். லைன் அக்கா வாழ்நாளில் ஒரே ஒருமுறை வாயை மூடியிருந்தாள், அதற்கும் சாட்சி இல்லை.

“அவ பேசல,” என்றார் கணவர்.

“உங்களுக்கு எப்படித் தெரியும் சார்? நீங்க தூங்கலையா?”

கணவர் பாயின் ஓரத்தைச் சுருட்டினார். “முழிச்சுத்தான் இருந்தேன். சத்தமே வரலையா... இவளுக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பயமாயிடுச்சு. அஞ்சு நிமிஷமும் ஒத்தக் கண்ணைத் திறந்து இவளையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரித்துக்கொண்டே தாளில் ‘தேர்ச்சி’ என்று எழுதினாள். கூடவே, மாணவர்களில் ஒருவர் தளரவில்லை என்று இரண்டு மதிப்பெண் குறைத்தாள். லைன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது இரண்டு தெரு கடக்கும்வரை அவள் வாய் திறக்கவில்லை. கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“அதான் பாஸ் பண்ணிட்டியே. ஏதாவது பேசேன்.”

“ஏன், அதிசயம் பார்க்கத்தானே லீவு போட்டீங்க?”

“பார்த்தாச்சு. அஞ்சு நிமிஷம் போதும்.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “லைன்லயே இருங்க,” என்றாள். அடுத்த திருப்பம்வரை இருவரும் பேசாமல் நடந்தார்கள். அவர் இருந்தார்.